ஐயா எதுவும் சாப்பிடவில்லை!

உண்ணாவிரதம் இருந்து செத்துப்போன மனிதரின் மீசையில் வெண்ணெய் ஒட்டியிருந்தது!

அதை முதலில் பார்த்தவர் ஏட்டு.

"சார்… மீசையைப் பாருங்க…"

இன்ஸ்பெக்டர் பார்த்தார். பேசவில்லை.

அவர் அப்படித்தான். ஸ்டேஷனில் அவருக்கு ‘ஊமை’ என்று பட்டப்பெயர். ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்த பிறகும் பேசாமல் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைத் தாங்க முடியாமல் திருடர்கள், யாரும் புகார் கொடுக்காத திருட்டுகளையும் சேர்த்து ஒப்பித்துவிடுவார்கள்.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறை அது. ஜன்னல்களில் கனத்த திரை. தரையில் ஒரு முரட்டுக் கம்பளி. கம்பளியின் மேல் கைகால்களைப் பரப்பிக்கொண்டு…

தேசத்தின் மனசாட்சி!

நாடு அவரை அப்படித்தான் அழைத்தது. வீட்டிலும் கட்சியிலும் வெறும் ‘ஐயா’. நாக்கை வென்றவர். பசியோடு சிநேகம் வைத்துக்கொண்டவர். ஏழைகள் எல்லோருக்கும் தினம் ஒரு ரொட்டி இலவசமாகக் கொடு என்று அரசாங்கத்தை எதிர்த்துச் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தவர்.

சாகும்வரை என்றார். சொன்ன சொல் தவறவில்லை!

வெளியே மைதானம் முழுக்கத் தலைகள். "ஐயா வாழ்க!" என்ற முழக்கம் திரைச்சீலையை ஆட்டியது. ஐயா இனி வாழமாட்டார் என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது. தியானத்தில் இருக்கிறார் என்று செயலாளர் மைக்கில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அறையின் மூலையில் ஒரு பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர். அரசாங்கம் நியமித்த டாக்டர். படிப்பு முடித்து வந்த முதல் வேலை. தினமும் காலையில் மேடையேறி, எல்லோரும் பார்க்க ஐயாவின் நாடியைப் பிடித்துப் பார்த்து, ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் கொடுப்பாள். அந்தத் தண்ணீரைத் தவிர ஐயா வாய்க்குள் எதுவும் போவதில்லை.

ஊர் அறிந்தவரை!

"சார்… வாயில நுரை. நகமெல்லாம் நீலம். இது பட்டினிச் சாவு இல்ல சார்…" அவள் குரல் உடைந்தது. "விஷம்."

"விஷமா?" செயலாளர் பாய்ந்தார். ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடி ஆவேசத்தில் நழுவியது. "காலையிலேர்ந்து அவர் வாய்க்குள்ள போனது ஒண்ணே ஒண்ணுதான். நீ குடுத்த தண்ணி!"

"சார், நான்…"

"அடிப் பாவி!" ஐயாவின் மனைவி கம்பளியின் ஓரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். கட்சிக்கே ‘அம்மா’ அவர். "உன்னை நம்பித்தானேடி அவரை விட்டேன்!"

கதவோரம் நின்ற டிரைவர் விசும்பினான். "தண்ணியைத் தவிர எதையும் தொடாத மனுஷன் சார்… பச்சைத் தண்ணியில போய் விஷத்தைக் கலந்துட்டாளே!"

மூன்று பேரும் ஒரே குரலில் அழுதார்கள்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். ஐயாவின் மீசையிலிருந்த வெண்ணெயைக் கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அழுகை ஒரு விநாடி நின்றது.

மறுபடி தொடர்ந்தது. முன்பைவிடச் சத்தமாக!

* * *

மத்தியானம் போஸ்ட்மார்ட்டம் டாக்டர் போனில் வந்தார். மூச்சு வாங்கியது.

"என்ன சார் இது… உண்ணாவிரதம் இருந்தவர் உடம்பையா அனுப்பினீங்க? ஆளை மாத்தி அனுப்பிட்டாங்களோன்னு ரெண்டு தடவை முகத்தைப் பார்த்தேன்!"

"ம்."

"வயித்துல என்ன இருந்துச்சுன்னு கேக்காதீங்க. என்ன இல்லைன்னு கேளுங்க! வறுத்த கோழி… வெண்ணெய் வச்ச கேக்… ஏதோ ஆட்டெலும்பு சூப்பு… எல்லாத்தோடயும் விஷம். எதுல வச்சாங்கன்னு மட்டும் கேட்றாதீங்க. எல்லாம் ஒண்ணா கூழாக் கிடக்கு."

"தண்ணில?"

"காலையில குடிச்ச தண்ணியா? அதுல இருந்திருந்தா மனுஷன் கோழி வரைக்கும் வந்திருக்கவே மாட்டாரே! அப்புறம் இன்னொண்ணு சார். மேடையில பார்த்தா விலா எலும்பை எண்ணிடலாம் போல இருக்குமே? ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். எலும்பு பஞ்சோட வந்துருச்சு!"

"என்னது?"

"கண்மை சார்! ஒவ்வொரு எலும்பா வரைஞ்சிருக்கு! கன்னத்துக் குழியும் அப்படித்தான். நல்ல கை சார். வரைஞ்சவன் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க… என் பொண்ணு படம் வரையக் கத்துக்கணும்கறா."

போன் வைக்கப்பட்டது. உடனே மறுபடி அடித்தது.

கமிஷனர்!

"ரிப்போர்ட்ல வயிறு காலின்னு எழுதச் சொல்லியாச்சு. விஷம் தண்ணியில இருந்துச்சு. அந்த டாக்டர் பொண்ணை இருட்டறதுக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்திடு."

"சார், அவ கொல்லல."

"அதை நான் கேட்டேனா?" கமிஷனரின் குரலில் பொறுமை வழிந்தது. "இதோ பாரு. பட்டினியால செத்தார்னா பழி அரசாங்கத்து மேல. சாப்பிட்டுச் செத்தார்னா பழி ஐயா மேல… சொன்ன நம்மளை உயிரோட கொளுத்திடுவாங்க. கிறுக்குப் பிடிச்ச டாக்டர் ஒருத்தி கொன்னான்னா பழி அவ ஒருத்தி மேல. எது சிக்கனம்? நீயே சொல்லு."

இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை.

"உன்னோட பெரிய தொல்லைய்யா. பேசாம இருந்தே ஆளைக் கொல்றே!" கமிஷனர் வைத்துவிட்டார்.

ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"கொலைகாரன் லேசுப்பட்டவன் இல்ல சார். உண்ணாவிரதம் இருக்கறவர் சாப்பாட்டுல விஷம் வச்சிருக்கான்! சாப்பாடுன்னு ஒண்ணு இருந்தாத்தானே சாப்பாட்டுல விஷம்? கொலைன்னு கண்டுபிடிச்சாலும் எதுல கொன்னான்னு வாயைத் திறக்க முடியாது. பாவம், அந்தப் பொண்ணு. தூக்குக்கயிறு அவ கழுத்து அளவுக்கே முடிச்சுப் போட்டு வச்சிருக்கு."

"உள்ளே யார் யார் போவாங்க?"

"தியான நேரத்துல மூணே பேரு சார். முழங்கால் வலிக்கு ஒத்தடம் குடுக்க அம்மா. ரப்பர் பையில வெந்நீர். தந்தி படிச்சுக் காட்டச் செயலாளர். ஒரு பெட்டி நிறையத் தந்தி. கால் பிடிச்சுவிட டிரைவர். தைலப் பெட்டி. மூணு பேரும் தனித்தனியா. ஒருத்தர் வெளியே வந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அடுத்தவர். அது ஐயாவோட கண்டிப்பான உத்தரவாம்."

"ஏன்?"

"தியானம் கலைஞ்சிடுமாம் சார்."

இன்ஸ்பெக்டர் முதல் தடவையாக அன்று சிரித்தார். சத்தமில்லாமல்.

* * *

மைதானத்தை ஒட்டிய விருந்தினர் மாளிகையின் சாப்பாட்டு அறை. நீண்ட மேஜை. ஒரு பக்கம் அம்மா, செயலாளர், டிரைவர். எதிர்ப்பக்கம் இன்ஸ்பெக்டர். வாசலில் பெண் போலீஸின் பக்கத்தில் டாக்டர். கையில் விலங்கு. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்தார்.

கடிகாரம் ஓடியது. செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார். டிரைவர் சட்டைப் பொத்தானைத் திருகினான். அம்மா மட்டும் அசையவில்லை.

ஏட்டுதான் ஆரம்பித்தார். சாதாரணமாக… டீக்கடையில் பேசுவதுபோல.

"ரொம்பப் பதமான கோழியாமே டிரைவர் தம்பி? அறுத்துப் பார்த்த டாக்டரே எந்த ஓட்டல்னு விசாரிச்சாரு."

டிரைவரின் முகம் வெளுத்தது. "எ… என்ன கோழி? ஐயா தண்ணியைத் தவிர…"

"கோழியா?" செயலாளர் சட்டென்று திரும்பினார். அந்தக் குரலில் துக்கம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. "யாருக்குக் கோழி?"

"ஐயாவுக்குத்தான் சார்," என்றார் ஏட்டு. "உங்க கேக்குக்கு முன்னாடி. பசி அடங்கினப்புறம்தானே இனிப்பு?"

"கேக்கா?!" டிரைவர் எழுந்தே விட்டான். "யாரு… இவரா? இவரா குடுத்தாரு?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.

அடுத்த விநாடி வெடித்தது!

"சார், இது பொய்!" டிரைவர் மார்பில் அடித்துக்கொண்டான். "என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு சார்! ‘டேய், இந்த உலகத்துலயே என் பசி தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தாண்டா’ன்னு அழுதாரு! தைலப் பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டு போவேன். ஒரு நாள் கால் பீஸ் சின்னதா இருந்துச்சுன்னு கன்னத்துல அறைஞ்சாரு. அதைக்கூட யாருகிட்டயும் சொல்லல. எனக்கு மட்டும்தானே இந்த உரிமைன்னு இருந்தேன்!"

"உன்கிட்டயும் அதையேதான் சொன்னாரா?" செயலாளர் மேஜையை அறைந்தார். "அதே வார்த்தை… அதே அழுகை… இருபது வருஷமாடா! காலையில எழுந்து அவர் விலாவுல மை வரைஞ்சவன் நான்! கன்னத்துல குழி விழ வச்சவன் நான்! தந்திக்குக் கீழே கேக்கை மறைச்சுக் கொண்டு போனா, பாதியில நிறுத்திட்டு வயிறு சரியில்லைம்பார். விரதத்தால குடல் சுருங்கிப்போச்சுன்னு நான் அழுதேனே! உன் கோழிதானா அது?"

"யோவ், என் கோழி மேல பழி போடாதய்யா! உன் கேக்கைத் தின்னுட்டுத்தான் மனுஷன் மேடையில ஏப்பம் விட்டாரு! பசி ஏப்பம்னு மைக்குல சமாளிச்சவன்தானே நீ?"

"டேய்!"

செயலாளர் டிரைவரின் சட்டையைப் பிடித்தார். டிரைவர் செயலாளரின் கண்ணாடியைப் பிடித்தான். ஏட்டு நடுவில் புகுந்து இரண்டு பேரையும் நாற்காலியில் அமுக்கினார்.

வாசலில் டாக்டர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் பயபக்தியோடு நாடி பிடித்த கை அவளுடையது!

"நாடி அவ்வளவு திடமா இருக்கேன்னு நினைச்சேன்…" என்று முணுமுணுத்தாள். "ஆன்ம பலம்னு சொன்னாங்க."

"கோழி பலம்மா," என்றார் ஏட்டு.

டிரைவர் மூச்சு வாங்கினான். "அம்மாவோட சூப்பு வாய்ல வைக்க வழங்கலடா, கடைசியா அது வர்றதுக்குள்ள வயித்தை நிரப்பத்தான் கோழின்னு ஐயா சொன்னப்போ, அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் இது தெரியும்னு நினைச்சேன் சார். இந்தக் கண்ணாடிக்காரரும் கூட்டுன்னு தெரியாது!"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

ஒத்தடப் பை!

அம்மா நிமிர்ந்தார். "ஆமா. வெந்நீர்ப் பையில சூப்புதான் கொண்டு போனேன். கட்டினவ நான். புருஷன் பசிக்கிதுன்னு அழுதா எவ பார்த்துக்கிட்டு இருப்பா? அதுல என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்லம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் பேசியதும் அறை அடங்கியது.

"மூணு பேருக்கும் ஒரே கேள்விதான். மிச்சத்தை என்ன பண்ணீங்க?"

"மிச்சமா?" என்றான் டிரைவர்.

"உண்ணாவிரதக் கூடாரம். குப்பைத் தொட்டியில ஒரு எலும்பு கிடந்தாலும் போச்சு. பத்திரிகைக்காரன் நாய் மாதிரி மோந்துக்கிட்டுத் திரியறான். என்ன பண்ணீங்க?"

"நானே தின்னுடுவேன் சார்," டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். "எலும்பைக்கூட மென்னு முழுங்கிடுவேன். இன்னிக்கும் அப்படித்தான்."

செயலாளர் கண்ணாடியைச் சரிசெய்தார். "அவர் வச்ச பாதியை நான்தான் சாப்பிட்டேன். இன்னிக்கும்… துணுக்குக்கூட விடல."

"ரெண்டு பேரும் உயிரோட இருக்கீங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

பிறகு பேசவில்லை.

அம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே கூட்டத்தின் முழக்கம் எழுந்து… தாழ்ந்து… மறுபடி எழுந்தது. மேஜை மேல் ஓர் ஈ நடந்து போனது. அம்மாவின் விரல்கள் சேலை முனையைச் சுருட்டின. பிரித்தன. சுருட்டின.

"கொட்டிட்டேன்!" என்றார் அம்மா.

மௌனம்.

"குளியலறையில… கொட்டிட்டுப் பையைக் கழுவிட்டேன்."

மௌனம்.

"தினமும் நான்தான் குடிப்பேன். இன்னிக்குக் குடிக்கல. போதுமா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "ஏன் அப்படிப் பார்க்கறீங்க?"

"கோழின்னு சொன்னதும் இவர் குதிச்சாரு. கேக்குன்னதும் அவன் குதிச்சான்," என்றார் இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில். "நீங்க ஆச்சரியமே படல. உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

அம்மா சேலை முனையை விட்டுவிட்டார். கண்ணில் நீர் இல்லை.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சமைக்கறேன். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டா, நான் நாக்கை ஜெயிச்சவன்டிம்பார். சரி, ஜெயிச்ச மனுஷன்கிட்ட பாராட்டு எதிர்பார்க்கக் கூடாதுன்னு இருந்தேன். போன வாரம் சூப்பைக் குடிச்சுட்டு வாய் தவறிச் சொன்னார்… ‘அந்தக் கோழியில இருக்கற பதம் இதுல இல்லையே’ன்னு!"

அவர் மேஜையில் கையை ஊன்றினார்.

"இன்னொரு பொம்பளையை வச்சிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன் சார். இன்னொரு சமையலை எப்படிப் பொறுக்கறது?"

ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் அன்று காலை தோசையைக் குறை சொல்லிவிட்டு வந்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அதுக்கு நான் என்ன பண்ணேன்மா?" வாசலிலிருந்து டாக்டரின் குரல் கேட்டது. அழுகை இல்லை. சுத்தமான ஆச்சரியம். "என்னை ஏன் தூக்குக்கு அனுப்பினீங்க?"

"யாராவது ஒருத்தி மாட்டணும்ல?" என்றார் அம்மா. "நீ பக்கத்துல இருந்தே." பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். உதட்டில் சின்னச் சிரிப்பு. "எழுதிக்கோங்க. சூப்புல விஷம் வச்சேன்னு எழுதுங்க. ஆனா முதல்ல, ஐயா சூப்பு குடிச்சார்னு எழுதணும். எழுதிடுவீங்களா?"

எழுத முடியாது!

அது அவருக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் தெரியும்.

* * *

இன்ஸ்பெக்டர் கமிஷனருக்குப் போன் செய்தார்.

"டாக்டர் பொண்ணை விடறேன் சார். அவளைக் கோர்ட்டுக்கு அனுப்பினா, அவ வக்கீல் டிரைவரையும் செயலாளரையும் கூண்டுல ஏத்துவான். ரெண்டு பேரும் இப்ப நான் கேக்காமலே கோழி, கேக்குன்னு கத்தறாங்க. கண்மை வரைக்கும் வெளியே வரும்."

மறுமுனையில் கமிஷனர் நாற்காலியில் விழுந்த சத்தம் கேட்டது.

"அப்ப… அப்ப பட்டினியால செத்தார்னுதான் சொல்லணும். கூட்டம் அரசாங்கத்தைக் கொளுத்திடுமேய்யா!"

"கொளுத்தாது. திரும்ப உட்கார்ந்துடும்."

"எப்படி?"

"அம்மா தொடரட்டும்."

மூன்று வார்த்தைகூட இல்லை. கமிஷனருக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் போனிலேயே கை தட்டினார்.

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது!

"மாட்டேன்!"

"மாட்டேன்னா சூப்பு வெளியே வரும்மா," என்றார் ஏட்டு. "எங்களைக் கொளுத்துவாங்கதான். ஆனா முதல்ல உங்களை."

சூரியன் விழும் நேரம் செயலாளர் மைக்கைப் பிடித்தார். தேசத்தின் மனசாட்சி பட்டினியால் உயிர் துறந்ததைச் சொன்னார். மைதானம் அலறியது. கற்களைத் தேடிக் கைகள் நீண்டன. அந்தக் கணத்தில் அவர் குரலை உயர்த்தினார்.

"ஐயா விட்ட விரதத்தை… இந்த நிமிஷத்திலிருந்து… அம்மா தொடர்கிறார்!"

கற்கள் கீழே விழுந்தன. கைகள் குவிந்தன. கூட்டம் உட்கார்ந்தது.

மேடையில் அம்மா உட்கார்ந்தார். வேறு வழியில்லை.

* * *

மறுநாள் தியான நேரத்தில் டிரைவர் தைலப் பெட்டியோடு போனான். செயலாளர் தந்திப் பெட்டியோடு போனார். காவலுக்கு நின்ற இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை.

இரண்டு பெட்டிகளும் போன கனத்தோடு திரும்பி வந்தன.

அம்மா தொடவில்லை. எப்படித் தொடுவார்? ஐயாவை இழந்த இரண்டு பேர் அன்போடு நீட்டிய சாப்பாடு. அதில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று அந்த நாட்டில் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

காலையில் டாக்டர் மேடையேறினாள். அதே டாக்டர். புதிய உத்தரவு வாங்கி அவளை அதே வேலைக்கு அனுப்பியிருந்தார் இன்ஸ்பெக்டர். கையில் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர்.

"குடிங்கம்மா," என்றாள் பணிவாக.

அம்மா டம்ளரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

தண்ணீர்கூட வேண்டாமென்கிறாரே என்று கூட்டம் கதறி அழுதது. குளியலறைக் குழாயில் தானே பிடித்துக் குடித்த தண்ணீர்தான் அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. கன்னத்தில் குழி விழுந்தது. விலா எலும்பு தெரிந்தது. செயலாளரின் மை டப்பா மூடியபடியே இருந்தது.

"கொலை பண்ணினவங்களைத் தியாகி ஆக்கிட்டீங்களே சார்?" என்றார் ஏட்டு.

"தியாகி ஆகறது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சுக்கட்டும்."

அந்த வாரக் கடைசியில் அரசாங்கத்தின் டாக்டர் குழு ரகசியமாக வந்து அம்மாவைப் பரிசோதித்தது. ஐயாவை எப்போதும் சாவகாசமாகப் பரிசோதித்துவிட்டுப் போன அதே குழு, இந்தத் தடவை வெளிறிப்போய் ஓடியது. மத்தியானமே மந்திரி சபை கூடியது.

ஏட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார்! அரசாங்கம் பணிஞ்சிருச்சு! எல்லா ஏழைக்கும் தினம் ஒரு ரொட்டி! கையெழுத்தே போட்டாச்சு! மந்திரி பழரசத்தோட வந்துக்கிட்டிருக்காரு!"

இன்ஸ்பெக்டர் மேடையைப் பார்த்தார். அம்மா, மந்திரி நீட்டப்போகும் பழரசத்தை நினைத்து இப்போதே நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"என்ன இருந்தாலும் நம்ம ஐயா பாவம் சார். இவ்வளவு சுலபம்னு தெரியாம, வாழ்நாள் முழுக்கத் தின்னே போராடிட்டாரு!"